பூட்டு திண்டுக்கல்லில், சாவி எங்கே?

திண்டுக்கல் என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது?

பெரியவர்களைக் கேட்டால், "பூட்டு" என்பார்கள். வெற்றிலைச் செல்லத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் பாட்டியைக் கேட்டால், "போயிலை" என்பாள். கடைத்தெருவுக்குப் புறப்பட்ட இல்லத்தரசி சின்னாளப்பட்டிச் சேலையைச் சொல்வாள். இளவட்டங்களைக் கேட்கவே வேண்டாம். "பிரியாணி!" என்ற பதில், கேள்வி முடிவதற்கு முன்பே வந்துவிடும்.

ஓர் ஊருக்கு இத்தனை பேரும் புகழும் எப்படிச் சேர்ந்தன? வாங்கினவர் சொன்னார், கேட்டவர் வந்தார், வந்தவர் மற்றொருவரிடம் சொன்னார். வாய்ச்சொல்லே விளம்பரம், நாணயமே முதலீடு. மலைக்கோட்டையின் அடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் இப்படித்தான் நடந்து வந்தது.

இன்று அந்த வாய்ச்சொல்லுக்கு இறக்கை முளைத்திருக்கிறது. கைக்கு அடக்கமான செல்போனுக்குள் இருந்துகொண்டு, கண் மூடித் திறப்பதற்குள் அது கோயம்புத்தூருக்கும் கோலாலம்பூருக்கும் போய்விடுகிறது. பேஸ்புக், யூட்யூப், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் என்ற சமூக ஊடகங்களே இன்றைய கடைத்தெரு. அந்தப் புதிய கடைத்தெருவில் திண்டுக்கல்லின் நிலை என்ன? சிறு வியாபாரிக்கு லாபம் உண்டா? சரக்கைச் செய்யும் தொழிலாளிக்குப் பங்கு உண்டா? வாங்குகிறவருக்கு நியாயம் கிடைக்கிறதா? சற்று நின்று யோசிக்க வேண்டிய கேள்விகள் இவை.

தலைப்பாகையே விளம்பரம்

1957-ஆம் ஆண்டு. திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு என்பவர் ஆனந்த விலாஸ் என்ற பெயரில் பிரியாணிக் கடை ஒன்றைத் திறந்தார். அவர் தலையில் தலைப்பாகை கட்டும் வழக்கம் உள்ளவர். சாப்பிட வந்தவர்கள் கடையின் போர்டைப் படித்தார்களோ இல்லையோ, முதலாளியின் தலைப்பாகையைப் பார்த்தார்கள். சீரகச் சம்பா அரிசியின் மணமும், தலைப்பாகையின் தோற்றமும் ஒன்றாக மனத்தில் பதிந்தன. 'தலைப்பாக்கட்டி' என்று ஜனங்கள் வைத்த பெயரே கடைக்கு நிலைத்துவிட்டது.

பிற்காலத்தில் அந்தப் பெயர் சென்னைக்குப் போயிற்று. கடல் கடந்த ஊர்களுக்கும் போயிற்று. அதை வேறொருவர் உபயோகிக்கலாமா என்ற தகராறு சென்னை உயர் நீதிமன்றம் வரை ஏறியது. தலைப்பாகைத் துணிக்கு என்ன விலை இருக்கும்? சொற்பக் காசு. ஆனால் அது சம்பாதித்துக் கொடுத்த பெயருக்காக வக்கீல்கள் எழுந்து நின்று வாதாட வேண்டியிருந்தது!

வியாபாரத்தில் விலைமதிப்பு மிகுந்த சரக்கு பெயர்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். சமூக ஊடகத்தில் ஏறுவதும் இறங்குவதும், விலைபோவதும் களவுபோவதும் இந்தப் பெயரேதான்.

தண்டோராவும் செல்போனும்

ஊருக்குச் செய்தி சொல்லத் தண்டோரா போட்ட காலம் உண்டு. புதுப் படம் வந்தால் மாட்டு வண்டியில் தட்டி கட்டி, பறை முழங்க, நோட்டீசு வீசிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். பிள்ளைகள் நோட்டீசுக்காக வண்டியின் பின்னால் ஓடுவார்கள். பிறகு சுவர் விளம்பரம், சினிமாக் கொட்டகையில் சிலைடு, ரேடியோ, டெலிவிஷன் என்று வரிசையாக வந்தன. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர் பலர். கேட்டவர் பதில் சொல்ல வழி கிடையாது. காசு இல்லாதவனுக்குப் பேசவும் வழி கிடையாது.

பேஸ்புக் 2004-இலும், யூட்யூப் 2005-இலும், வாட்ஸ்அப் 2009-இலும், இன்ஸ்டாகிராம் 2010-இலும் பிறந்தன. ஆனாலும் அவை பட்டிதொட்டிக்கு வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியதும் இணையக் கட்டணம் மளமளவென்று சரிந்தது. அதே ஆண்டில் செல்போன் மூலமே பணம் அனுப்பும் யு.பி.ஐ. முறையும் வந்தது. 2018 ஜனவரியில் சிறு கடைக்காரர்களுக்கென்றே 'வாட்ஸ்அப் பிசினஸ்' என்ற தனி ஏற்பாடு வெளியாயிற்று. படம் காட்ட ஒரு வழி, பேச ஒரு வழி, பணம் வாங்க ஒரு வழி. மூன்றும் ஒரே கருவிக்குள் வந்துவிட்ட பிறகு கடைக்கு வேறென்ன வேண்டும்? வாசல்கூடத் தேவையில்லையே!

சின்னாளப்பட்டியில் ஒரு காலைப்பொழுது

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில், காந்திகிராமத்தை ஒட்டி இருக்கிறது சின்னாளப்பட்டி. ஒரு காலத்தில் 'சின்னாளப்பட்டு' என்றால், காஞ்சிப் பட்டு வாங்க வசதியில்லாத ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கும் பட்டுக் கனவை நிறைவேற்றி வைத்த சேலை. சுங்குடிச் சேலைக்கும் பேர்போன ஊர். துணியில் சிறு சிறு முடிச்சுகளாக நூலால் கட்டி, சாயத்தில் தோய்த்து, காய்ந்த பிறகு முடிச்சை அவிழ்த்தால் நட்சத்திரம் தெளித்தாற்போலப் புள்ளிகள் தோன்றும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் விரல் நுனியில் பிறந்தது.

இங்கே கடை திறக்கும் வேளையில் இப்போது ஒரு புதுக் காட்சியைக் காணலாம். சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றியதும், முக்காலியில் செல்போனைப் பொருத்துகிறார்கள். விற்பனைப் பெண் சேலையை விரித்து, முந்தானையைத் தூக்கிக் காட்டி, "அக்கா, இந்தப் பச்சையைப் பாருங்க. சாயம் போகாது. ரவிக்கைத் துணியும் சேர்ந்தது" என்று செல்போனோடு பேசுகிறாள். எதிரே யாரும் இல்லை. ஆனாலும் எங்கோ ஓசூரில் அடுப்படியில் நிற்கும் ஓர் அக்கா அந்தப் பச்சையைப் பார்த்துவிடுகிறாள். படத்தைப் பிடித்து அனுப்பி, "இது இருக்கா?" என்று கேட்கிறாள். பணம் வந்து சேர்கிறது, பார்சல் புறப்படுகிறது.

இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. கடையில் சேலை வாங்கிச் சேர்க்காமலே சேலை வியாபாரம் செய்கிறார்கள் பல பெண்கள். கடைக்காரர் அனுப்பும் படங்களைத் தெரிந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். உதாரணத்துக்கு, 600 ரூபாய்ச் சேலைக்கு 50 ரூபாய் கூட்டிச் சொல்வார்கள். கேட்டவரின் விலாசத்தைக் கடைக்குத் தெரிவித்தால், சேலை நேரே அங்கே போய்விடும். முதல் போடாமல் வீட்டிலிருந்தபடி கிடைக்கும் அந்த 50 ரூபாய், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கோ கூட்டுறவுக் கடன் தவணைக்கோ உதவுகிறது. சொந்தக் காசு என்ற தைரியமும் அதோடு சேர்ந்து வருகிறது.

சமவெளியின் மற்றத் தொழில்களையும் இந்தக் காற்று தொடாமல் இல்லை. நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகைத் தோட்டக்காரர்களுக்கு முன்பெல்லாம் பூ மூட்டையைச் சந்தையில் இறக்கிய பிறகுதான் விலை தெரியும். முகூர்த்த நாளில் ஏறும் விலை மறுநாளே சரியும். இப்போது அன்றாட விலை வாட்ஸ்அப் குழுக்களில் வந்துவிடுகிறது. தரகர் சொன்னதே விலை என்றிருந்த நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய்கறி அனுப்பும் வியாபாரத்திலும் இதே கதைதான். செய்தி முன்னால் வந்தால் பேரம் பேசும் பலமும் கூடவே வருகிறது.

கிராமத்துச் சமையலுக்கு ஒரு கோடிப் பேர்

காசு செலவழித்தால்தான் பெயர் கிடைக்கும் என்ற எண்ணத்தைத் தமிழ்நாட்டிலேயே உடைத்துக் காட்டியவர்கள் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில், பெரியதம்பி என்ற தாத்தாவும் அவருடைய பேரன்மாரும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பதைப் படம் பிடித்து, 2018-இலிருந்து யூட்யூபில் போட்டு வந்தார்கள். 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்று அதற்குப் பெயர். 2021-இல் அதைப் பின்தொடர்ந்தவர்கள் தொகை ஒரு கோடியை எட்டியது. தமிழில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்ட யூட்யூப் சேனல் அதுதான். கொரோனாத் துயரம் சூழ்ந்திருந்த அந்த ஆண்டில், முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அவர்கள் வெற்றியின் ரகசியம் என்ன? ஜோடனை இல்லை, அரங்கம் இல்லை. அம்மியும், உரலும், விறகடுப்பும், வெள்ளை வேட்டியும் இருந்தபடியே இருந்தன. சமைத்ததை முதியவர்களுக்கும் ஏழைகளுக்கும் பரிமாறினார்கள். உள்ளதை உள்ளபடி காட்டினால் உலகம் பார்க்கும் என்பதற்கு அந்தக் கிராமத்து அடுப்பே அத்தாட்சி.

இலவசமா? யார் சொன்னது?

இத்தனை சௌகரியமும் இலவசம் என்று எண்ணுகிறவர்கள் அநேகர். பார்க்கப் போனால், இது இலவசச் சத்திரமல்ல. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் மெட்டா என்ற ஒரே அமெரிக்கக் கம்பெனியின் கையில் இருக்கின்றன. 2023-இல் அந்தக் கம்பெனிக்கு வந்த வருமானத்தில் 100-க்கு 97 பங்குக்கு மேல் விளம்பரத்திலிருந்தே வந்தது. பார்க்கிறவர்களின் கண்ணும் நேரமும்தான் அங்கே சரக்கு, விளம்பரக்காரர்களே வாடிக்கைக்காரர்கள்.

ஏலம் நடக்கும் விதமும் விந்தையானது. பத்திரிகை விளம்பரத்தை எல்லோரும் ஒன்றுபோலப் பார்ப்பார்கள். இங்கே அப்படியல்ல. "கோயம்புத்தூரில் இருக்கும், முப்பது வயதுக்கு மேற்பட்ட, நூல் சேலையில் ஆசையுள்ள பெண்கள் மட்டும் பார்க்கட்டும்" என்று கடைக்காரர் கேட்கலாம். அதே பெண்களுக்காக வேறு பல கடைகளும் பணம் கட்டியிருக்கும். யாருடைய விளம்பரம் முன்னால் வருவது என்பதை இயந்திரமே நொடிப்பொழுதில் ஏலம் போட்டு முடித்துவிடுகிறது. பெரிய கடை அதிகம் கட்டும்; சிறிய கடை பின்னால் நிற்கும். ஆரம்பத்தில் காசில்லாமல் ஆயிரம் பேருக்குப் போன படம், நாளடைவில் காசு கட்டினால்தான் நூறு பேருக்குப் போகிறது என்று சிறு வியாபாரிகள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது.

புகழ்ந்து பேசக் கூலி வாங்குகிறவர்களும் இதில் உண்டு. "இப்படி ஒரு பிரியாணியை ஜன்மத்தில் சாப்பிட்டதில்லை!" என்று யூட்யூபில் கண்ணை மூடி ரசிக்கிறவர், அதற்குப் பணம் வாங்கினாரா என்பது பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டாமா? இதற்காகவே, பணமோ பரிசோ பெற்றுக்கொண்டு பேசுகிறவர்கள் அதைத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023 ஜனவரியில் வழிமுறைகளை வெளியிட்டது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மோசடியான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். சட்டம் இருக்கிறது, கேட்கிறவர்கள்தான் கேட்க வேண்டும்.

பேர் இருந்தும் பிழைப்பில்லை

இனிப் பூட்டின் கதைக்கு வருவோம். பிரியாணிக் கடை திறந்த அதே 1957-இல்தான் திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டது. ஒரே ஊர், ஒரே ஆண்டு. ஆனால் தலையெழுத்து இரண்டு விதமாகப் போயிற்று.

திண்டுக்கல் பூட்டு கையால் செய்வது. தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, உள்ளே இருக்கும் நெம்புகோல்களை ஒவ்வொன்றாகச் சாவிக்குப் பொருத்தமாக அமைப்பார்கள். மாங்காய் வடிவத்தில் இருக்கும் 'மாங்காய்ப் பூட்டு' இந்த ஊரின் தனி அடையாளம். வீட்டுக் கதவையும் கோயில் கதவையும் காத்த பூட்டு, அலிகாரில் இயந்திரத்தில் வார்த்து மலிவாக வந்த பூட்டுகளின் முன்னால் தலை கவிழ்ந்தது. கூலி குறைவு என்பதால் பிள்ளைகள் அப்பாவின் அரத்தைத் தொடவில்லை. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின.

2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்ன ஊரில் இன்ன முறையில் செய்ததற்கே இந்தப் பெயர் உரியது என்று அரசு கொடுக்கும் அங்கீகாரம் அது. பொய்யாக அந்தப் பெயரைப் போட்டு விற்பவருக்குச் சிறைத் தண்டனையும் உண்டு. மதுரைச் சுங்குடிக்கு 2005-இலேயே இந்த அங்கீகாரம் வந்துவிட்டது.

ஆயினும் என்ன பயன்? யந்திரத்தில் புள்ளி அச்சடித்த துணியைச் "சுங்குடி" என்று விற்கத் தடங்கல் இல்லாத கடைத்தெருவாக அல்லவா செல்போன் இருக்கிறது! படத்தில் எல்லாப் புள்ளியும் ஒன்றுதான். முடிச்சுப் போட்ட விரலையும் அச்சடித்த யந்திரத்தையும் படம் பிரித்துக் காட்டாது. பெயர் வேகமாக ஓடுகிறது. சரக்கின் தரம் அதன் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. நடுவில் நஷ்டப்படுகிறவர்கள் இரண்டு பேர்: உண்மையாகச் செய்த தொழிலாளி, நம்பி வாங்கின குடும்பம்.

பழைய நாளில் வி.பி.பி. தபாலில் கடிகாரம் வரவழைத்து, பார்சலைப் பிரித்தால் செங்கல் இருந்தது என்று கதை சொல்வார்கள். செங்கல் இன்னும் ஒழியவில்லை. நல்ல கடையின் படத்தைத் திருடி வேறு பெயரில் போட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் பேர்வழிகள் இன்றும் உண்டு.

சாவி யாரிடம்?

2021 அக்டோபர் 4-ஆம் தேதி ராத்திரி. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோயின. கடையில் தீப்பிடிக்கவில்லை, சரக்கு அழியவில்லை. ஆனாலும் இந்த ஊடகங்களையே நம்பி வியாபாரம் செய்தவர்களின் கடை அப்போது உலகத்தில் எங்குமே இல்லை!

அதற்கு முந்தின ஆண்டு ஜூன் 29 அன்று டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. தேசப் பாதுகாப்பை முன்னிட்டு அரசு எடுத்த முடிவு அது. அதன் நியாயம் வேறு விஷயம். அதில் லட்சக்கணக்கான பேரைத் திரட்டி வைத்திருந்தவர்களுக்கு ஒரே நாளில் அந்தக் கூட்டம் கலைந்துபோயிற்று. சிலர் இன்ஸ்டாகிராமில் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள், சிலர் ஓய்ந்துபோனார்கள்.

பூட்டு செய்யும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். கடை உங்களுடையது, சரக்கு உங்களுடையது, பூட்டும் உங்களுடையது. சாவி மட்டும் வேறொருவர் இடுப்பில் தொங்குகிறது. அவர் என்றைக்குத் திறப்பார், என்றைக்கு மூடுவார் என்பது அவருக்கே வெளிச்சம்.

மாற்றுச் சாவி

அதற்காக செல்போனைத் தூக்கிக் கிணற்றில் போட வேண்டியதில்லை. மாற்றுச் சாவி ஒன்று வைத்துக்கொண்டால் போதும்.

வாங்கினவர்களின் பெயரும் விலாசமும் கடையின் சொந்தக் கணக்கு நோட்டில் இருக்கட்டும். பழைய செட்டியார் கடைப் பேரேட்டுக்கு இருந்த மதிப்பு இன்றும் குறையவில்லை. ஊடகம் நின்றாலும் தபால் நிற்காது. டெலிபோன் மணி நிற்காது.

இரண்டாவது, சரக்கை மட்டும் காட்டாமல் செய்கிறவரையும் காட்ட வேண்டும். அரம் ராவும் கையையும், முடிச்சுக் கட்டும் விரலையும் அரை நிமிஷம் படம் பிடித்தால் போதும். அச்சுத் துணிக்காரரால் அதைக் காட்ட முடியாது. கைத்தொழிலின் நேரமும் சிரமமும் கண்ணால் பார்த்தவருக்குத்தான் விலையின் நியாயம் விளங்கும். தனித் தொழிலாளிக்கு இது சிரமமானால், கூட்டுறவுச் சங்கங்கள் எடுத்துச் செய்யலாம். பக்கத்திலேயே காந்திகிராமத்தில் கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. செல்போனைப் பிடிக்கத் தெரிந்த இளைஞர்களுக்கும், அரத்தைப் பிடிக்கத் தெரிந்த பெரியவர்களுக்கும் இடையே பாலம் போடுவது அப்படியொன்றும் ஆகாத காரியமல்ல.

வாங்குகிறவர்களுக்கும் சில கடமைகள் உண்டு. கடையின் விலாசமும் டெலிபோன் எண்ணும் இல்லாத இடத்தில் முன்பணம் கட்டக் கூடாது. விலை நம்ப முடியாத மலிவாக இருந்தால் நம்பாமலிருப்பதே நல்லது. கையால் முடிச்சிட்டதா, அச்சடித்ததா என்று வாயைத் திறந்து கேட்க வேண்டும்; அச்சுத் துணிதான் வேண்டுமென்றால் அச்சுத் துணி என்று தெரிந்தே வாங்கலாம். பார்சலைப் பிரிக்கும்போது படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்ல சாட்சி. பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்கும், சரக்கில் ஏமாற்றம் என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கும் தெரிவிக்கலாம்.

தலைப்பாகைக்காரரின் கடைக்கு முதல் நாள் வந்தவர்களை எந்த விளம்பரமும் அழைத்திருக்கலாம். மறுநாளும் வரவழைத்தது பிரியாணியின் ருசி ஒன்றுதான். தண்டோராவுக்கும் அது பொருந்தும். செல்போனுக்கும் அது பொருந்தும். சின்னாளப்பட்டியில் செல்போனைப் பார்த்து, "அக்கா, சாயம் போகாது" என்று அந்தப் பெண் சொல்கிறாளே, ஓசூரில் முதல் சலவைக்குப் பிறகும் அந்தச் சொல் வெளுக்காமல் இருக்க வேண்டும். அப்போது அடுத்த சேலைக்கு அந்த அக்கா தானாகவே கேட்டு வருவாள். பக்கத்து வீட்டுக்காரியிடமும் சொல்வாள்.